மீன் எண்ணெய் அழற்சியைத் தணிக்குமா? நோய் எதிர்ப்பு செல்களுக்குள் நிகழும் மாற்றம் என்ன? – ஒரு விளக்கம்

மருந்துக் கடைகளில் பொன்னிற மீன் எண்ணெய் மாத்திரைகள் இன்று மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கிடைக்கின்றன. மூட்டுவலி, இதய நலன், நினைவாற்றல் எனப் பல காரணங்களுக்காக மக்கள் அவற்றை வாங்குகின்றனர். முடக்குவாதத்தால் அவதியுறுவோரில் சிலர், பக்கவிளைவுகளுக்கு அஞ்சி, மருத்துவர் அளித்த மருந்துகளை நிறுத்திவிட்டு இம்மாத்திரைகளை மட்டுமே நம்பத் தொடங்குவதும் உண்டு.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் உடலின் நோய் எதிர்ப்பு செல்களில் அழற்சியைத் தணிக்கும் மாற்றங்களை ஏற்படுத்துகின்றன என்பது கடந்த 40 ஆண்டுகளாகப் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஆனால், செல்லுக்குள் நிகழும் மாற்றம் அனைத்தும் நோயாளிக்குப் பயனாக மாறுவதில்லை. சில நோய்களில் பலன் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. ஒரு சில சூழல்களில் தீங்கு நேரும் வாய்ப்பும் உள்ளது. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள, முதலில் அழற்சி என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

அழற்சி எதிரியா, காவலனா?

விரலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததே அழற்சி. காயம்பட்ட இடத்தில் ரத்த நாளங்கள் விரிவடைகின்றன. அவற்றின் வழியாக நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் முதலில் வந்து சேர்ந்து நோய்க்கிருமிகளைத் தாக்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து மோனோசைட் என்னும் செல்கள் வருகின்றன. இவை திசுவுக்குள் நுழைந்ததும் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்களாக உருமாறி, இறந்த செல்களையும் கிருமிகளின் எச்சங்களையும் விழுங்கி அந்த இடத்தைத் தூய்மைப்படுத்துகின்றன.

இப்பணி முடிந்தவுடன் அழற்சி அடங்கிவிட வேண்டும். அவ்வாறு அடங்கினால் அது உடலைக் காக்கும் செயல். அடங்காமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதுவே நோய். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிவதிலும் இத்தகைய நீடித்த அழற்சிக்குப் பங்கு உண்டு. ஆகவே, மருத்துவத்தின் நோக்கம் அழற்சியை அடியோடு ஒழிப்பது அன்று. அடங்க மறுக்கும் அழற்சியை அடங்கச் செய்வதே நோக்கம்.

செல் சவ்வில் நடைபெறும் போட்டி

ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உள்ளது. நாம் உண்ணும் கொழுப்பின் தன்மையைப் பொறுத்து இச்சவ்வில் இடம்பெறும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறுகிறது. கடல் எண்ணெய்கள் செயல்படுவதற்கான அடிப்படை இதுவே.

மேற்கத்திய உணவு முறையைப் பின்பற்றுவோரின் வெள்ளையணுச் சவ்வில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அராக்கிடோனிக் அமிலம். இது ஒமேகா-6 வகையைச் சேர்ந்தது. கடல் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஈகோசாபென்டனாயிக் அமிலம் (இபிஏ) அதே சவ்வில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே காணப்படுகிறது. மற்றொரு கடல்சார் கொழுப்பு அமிலமான டோகோசாஹெக்சனாயிக் அமிலம் (டிஎச்ஏ) சில விழுக்காடு மட்டுமே உள்ளது.

செல் தூண்டப்பட்டவுடன் அதன் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் விடுவிக்கப்படுகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதி அதனைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. இவையே வலி, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு வழிவகுப்பவை. லிப்பாக்சிஜனேஸ் என்னும் மற்றொரு நொதி அதே அமிலத்தை லூக்கோட்ரையீன்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்றான லூக்கோட்ரையீன் பி4, மேலும் பல நியூட்ரோஃபில்களைக் காயம்பட்ட இடத்துக்கு அழைக்கும் வலிமையான வேதிச் செய்தி. புரோஸ்டாகிளாண்டின்கள் குறித்த கண்டுபிடிப்புகளுக்காக சுவீடனின் சூன் பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவேல்சன், பிரிட்டனின் ஜான் வேன் ஆகிய மூவருக்கும் 1982-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆஸ்பிரின் மாத்திரை வலியைக் குறைப்பது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுப்பதால்தான் என்பதை 1971-இல் கண்டறிந்தவர் ஜான் வேன்.

மீன் எண்ணெய் நொதியைத் தடுப்பதோடு நிற்பதில்லை. நொதிக்குக் கிடைக்கும் மூலப்பொருளையே மாற்றுகிறது. தொடர்ந்து சில வாரங்கள் போதிய அளவில் உட்கொண்டால், வெள்ளையணுச் சவ்வில் இபிஏ, டிஎச்ஏ ஆகியவற்றின் பங்கு கூடுகிறது, அராக்கிடோனிக் அமிலத்தின் பங்கு குறைகிறது. அதே நொதிகள் இப்போது இபிஏ-வைப் பயன்படுத்தி வேறு வகைப் புரோஸ்டாகிளாண்டின்களையும் லூக்கோட்ரையீன்களையும் உருவாக்குகின்றன. இவற்றின் அழற்சித் தூண்டும் வலிமை பொதுவாகக் குறைவு. எடுத்துக்காட்டாக, இபிஏ-விலிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன் பி5, நியூட்ரோஃபில்களை ஈர்ப்பதில் பி4-ஐ விடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை வலிமை குறைந்தது.

சவ்வின் அமைப்பு மாறுவதற்குக் காலம் தேவைப்படுகிறது. மீன் எண்ணெய் வலிநிவாரணியைப் போல ஒரு மணி நேரத்தில் பலன் தருவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

கிரீன்லாந்தில் தொடங்கிய தேடல்

1970-களின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓலஃப் பாங், ஜோர்ன் டியர்பெர்க் ஆகிய ஆய்வாளர்கள் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் வாழும் இனுயிட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தனர். சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றைப் பெருமளவில் உண்டு வாழ்ந்த அம்மக்களின் ரத்தத்தில் இபிஏ மிகுந்திருப்பதையும் டிரைகிளிசரைடு அளவு குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். அம்மக்களிடையே மாரடைப்பு குறைவாக உள்ளதற்கு இதுவே காரணமாகலாம் என்னும் கருதுகோள் அதிலிருந்து பிறந்தது.

இனுயிட் மக்களிடையே இதயநோய் உண்மையிலேயே குறைவாக இருந்ததா என்பது குறித்துப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. அங்கிருந்த இறப்புப் பதிவுகள் முழுமையானவை அல்ல என்று 2014-இல் வெளியான ஒரு மீளாய்வு சுட்டிக்காட்டியது. எனினும், அந்தப் பயணம் தூண்டிய ஆர்வம் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களை இக்கொழுப்பு அமிலங்களின் பக்கம் திருப்பியது.

மனித செல்களில் கிடைத்த முதல் சான்றுகள்

1985-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலம் உள்ள 7 பேருக்கு நாள்தோறும் 3.2 கிராம் இபிஏ, 2.2 கிராம் டிஎச்ஏ அடங்கிய மீன் எண்ணெய் 6 வாரங்களுக்கு அளிக்கப்பட்டது. அதன் பின்னர் அவர்களது நியூட்ரோஃபில்கள் லூக்கோட்ரையீன் பி4-இன் அழைப்புக்கு இணங்கி நகரும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. ரத்த நாளச் செல்களின்மீது ஒட்டிக்கொள்ளும் தன்மையும் குறைந்திருந்தது.

1989-இல் அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வு சைட்டோகைன்கள் மீது கவனம் செலுத்தியது. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களே சைட்டோகைன்கள். அவற்றுள் இன்டர்லூக்கின்-1, கட்டி நசிவுக் காரணி ஆகிய இரண்டும் அழற்சியை வளர்ப்பதில் முதன்மையானவை. இன்று முடக்குவாதத்துக்கு அளிக்கப்படும் விலை மிகுந்த ஊசி மருந்துகள் பலவும் கட்டி நசிவுக் காரணியைத் தடுப்பவையே. அந்த ஆய்வில் 9 தன்னார்வலர்கள் நாள்தோறும் 18 கிராம் மீன் எண்ணெய்ச் செறிவை 6 வாரங்கள் உட்கொண்டனர். அவர்களது மோனோசைட்டுகளை ஆய்வுக்கூடத்தில் தூண்டியபோது, இவ்விரு சைட்டோகைன்களின் உற்பத்தியும் குறைந்திருந்தது. எண்ணெயை நிறுத்திய பின்னரும் அந்த விளைவு சில வாரங்கள் நீடித்தது. சில மாதங்களில் பழைய நிலை திரும்பியது.

இவ்விரு ஆய்வுகளிலும் கவனிக்கத்தக்கது, பயன்படுத்தப்பட்ட அளவு. கடைகளில் கிடைக்கும் ஒன்றிரண்டு மாத்திரைகளில் இந்த அளவில் ஒரு சிறு பகுதி மட்டுமே உள்ளது.

செல்லின் மேற்பரப்பில் ஓர் உணர்வி

மூலப்பொருள் மாற்றம் மட்டுமே முழு விளக்கமாகாது என்பது பின்னர் தெரியவந்தது. செல்லின் கருவுக்குள் அழற்சி மரபணுக்களை இயக்கும் திறவுகோலாக என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் செயல்படுகிறது. இபிஏ, டிஎச்ஏ ஆகியவை இதன் செயல்பாட்டைத் தணிக்கின்றன.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கான ஒரு விடையை அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோல்ட் ஒலெஃப்ஸ்கியின் ஆய்வுக்குழு 2010-இல் அளித்தது. மேக்ரோஃபேஜ்களின் மேற்பரப்பில் உள்ள ஜிபிஆர்120 என்னும் ஏற்பி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களை உணர்ந்து, அழற்சிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் தடுத்து நிறுத்துவதை அக்குழு கண்டறிந்தது. அந்த ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு ஒமேகா-3 அளித்தபோது அழற்சித் தணிப்பு விளைவு கிட்டவில்லை. உடல் பருமனோடு தொடர்புடைய அழற்சியைப் புரிந்துகொள்வதில் இக்கண்டுபிடிப்பு முக்கியமானதாகக் கருதப்படுகிறது. எலிகளில் கண்டது மனிதர்களிடமும் அதே அளவில் நிகழும் என்று உடனடியாக முடிவு செய்ய இயலாது.

அழற்சி தானே ஓய்வதில்லை

அழற்சியைத் தூண்டும் பொருள்கள் தீர்ந்ததும் அது தானாகவே ஓய்ந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சார்லஸ் செர்ஹானின் ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. அழற்சியை முடித்துவைப்பதற்கென்றே உடல் தனி வேதிப்பொருள்களை உருவாக்குகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி அவரது குழு, இபிஏ, டிஎச்ஏ ஆகியவற்றிலிருந்து உருவாகும் ஒரு புதிய மூலக்கூறு வகையைக் கண்டறிந்து ரிசால்வின்கள் எனப் பெயரிட்டது. பின்னர் புரோடெக்டின்களும், மேக்ரோஃபேஜ்கள் உருவாக்கும் மேரசின்களும் இந்த வரிசையில் சேர்ந்தன. இவை புதிய நியூட்ரோஃபில்களின் வருகையை நிறுத்துகின்றன. இறந்துபோன நியூட்ரோஃபில்களை விழுங்கி அகற்றுமாறு மேக்ரோஃபேஜ்களைத் தூண்டுகின்றன. திருவிழா முடிந்த திடலில் கூட்டத்தைக் கலைத்து, குப்பையை அள்ளி, விளக்கை அணைத்துச் செல்லும் பணியாளர்களுக்கு இவற்றை ஒப்பிடலாம்.

ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் இம்மூலக்கூறுகளின் விளைவு தெளிவாகப் பதிவாகியுள்ளது. அதே நேரத்தில், மனித உடலில் இவை இயல்பாக உருவாகும் மிகச் சிறு அளவு அத்தகைய விளைவுக்குப் போதுமானதா என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

முடக்குவாதத்தில் என்ன பலன்?

கடல் எண்ணெய்களின் அழற்சித் தணிப்பு விளைவுக்கு மருத்துவச் சான்று ஒப்பீட்டளவில் வலுவாக உள்ள நோய் முடக்குவாதம். 17 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2007-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, 3 முதல் 4 மாதங்கள் ஒமேகா-3 உட்கொண்டவர்களுக்கு மூட்டுவலியின் கடுமை, காலை நேர மூட்டு விறைப்பு, வலியுள்ள மூட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை குறைந்தன. வலிநிவாரணி மாத்திரைகளின் தேவையும் குறைந்தது. வலிநிவாரணிகளை நெடுநாள் உட்கொண்டால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படக்கூடும் என்பதால் இது சிறிய பலனன்று.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நடைபெற்ற ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. நோய் தொடங்கி ஓராண்டுக்குள் இருந்த சுமார் 140 நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மூன்று மருந்துகள் கொண்ட வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. அதனுடன் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 5.5 கிராம் இபிஏ, டிஎச்ஏ வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு 0.4 கிராம் மட்டுமே வழங்கப்பட்டது. கூடுதல் அளவு பெற்றவர்களிடையே மருந்துச் சிகிச்சை தோல்வியடைவது குறைந்தது. நோய் அடங்கிய நிலையை அவர்களில் பலர் விரைவில் எட்டினர்.

இந்த ஆய்வில் மீன் எண்ணெய் மருந்துக்கு மாற்றாக அளிக்கப்படவில்லை, மருந்தோடு சேர்த்தே அளிக்கப்பட்டது. முடக்குவாதத்தில் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்படுவது நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே நிகழக்கூடியது. ஒருமுறை சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இந்தச் சிதைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. மீன் எண்ணெய் மட்டும் அச்சிதைவைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை. வலி சற்றுக் குறைந்ததை நோய் நீங்கியதாகக் கருதி மருந்தை நிறுத்துவோர் இழக்கக்கூடியது தங்கள் விரல்களின் அசைவையே.

முதுமையில் ஏற்படும் மூட்டுத் தேய்மானம் வேறு நோய். அதில் மீன் எண்ணெயின் பலன் குறித்த முடிவுகள் ஒரே திசையில் இல்லை. எனவே, ‘மூட்டுவலி’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிடும் விளம்பரங்களைக் கவனத்துடன் படிக்க வேண்டும்.

இதயம்: முரண்படும் முடிவுகள்

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்ட வைட்டல் ஆய்வில், நாள்தோறும் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை சுமார் 5 ஆண்டுகள் அளிக்கப்பட்டது. முக்கிய இதய, ரத்த நாள நிகழ்வுகளோ புற்றுநோயோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2018-இல் அதன் முடிவு அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி 2022-இல் வெளியானது. தன்னுடல் தாக்கு நோய்கள் உருவாவது ஒமேகா-3 பிரிவில் 15 விழுக்காடு குறைந்திருந்த போதிலும், புள்ளியியல் நோக்கில் அது உறுதியான வேறுபாடாக அமையவில்லை. ஆய்வு முடிந்த பின்னர் மேலும் 2 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது, ஒமேகா-3 பிரிவினரிடம் அந்தப் பாதுகாப்புப் போக்கு நீடித்தது தெரியவந்தது.

தூய்மைப்படுத்தப்பட்ட இபிஏ மருந்தை நாள்தோறும் 4 கிராம் அளித்த ரெடியூஸ்-இட் ஆய்வில் 8,179 பேர் பங்கேற்றனர். டிரைகிளிசரைடு மிகுந்த, இதயநோய் ஆபத்துள்ள இவர்களிடையே இதய நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. ஆனால், இபிஏ, டிஎச்ஏ இரண்டும் கலந்த 4 கிராம் மருந்தை 13,078 பேரிடம் சோதித்த ஸ்ட்ரெங்த் ஆய்வு, பலன் தெரியாததால் 2020-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முதல் ஆய்வில் மருந்துப்போலியாகக் கனிம எண்ணெயும் இரண்டாவதில் மக்காச்சோள எண்ணெயும் பயன்படுத்தப்பட்டன. கனிம எண்ணெய் பெற்றவர்களின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடு உயர்ந்ததால், ஒப்பீட்டில் மருந்தின் பலன் பெரிதாகத் தோன்றியதா என்னும் விவாதம் தொடர்கிறது.

இரு ஆய்வுகளிலும் ஒரு பக்கவிளைவு பொதுவாக இருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நிலை, மருந்து பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. ரெடியூஸ்-இட் ஆய்வில் இதற்காகவும் இதையொத்த துடிப்புக் கோளாறுக்காகவும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் மருந்துப் பிரிவில் 3.1 விழுக்காடு, மருந்துப்போலிப் பிரிவில் 2.1 விழுக்காடு. ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் இந்த ஆபத்தை ஒமேகா-3 மருந்துகளின் விவரக் குறிப்பில் சேர்க்குமாறு அறிவுறுத்தியது.

தீவிர சிகிச்சைப் பிரிவு தந்த பாடம்

அழற்சியைத் தணிப்பது எப்போதும் நன்மையே என்னும் எண்ணத்துக்கு எதிரான சான்று 2011-இல் கிடைத்தது. கடுமையான நுரையீரல் பாதிப்பால் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 272 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உணவுக்குழாய் வழியாக ஒமேகா-3, காமா லினோலெனிக் அமிலம், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் ஆகியவை சேர்ந்த கலவை அளிக்கப்பட்டது. செயற்கைச் சுவாசம் இன்றி இருந்த நாள்களின் எண்ணிக்கை அவர்களிடம் கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் காணும் விளைவு நோயாளியின் படுக்கையருகே அப்படியே நிகழும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

எந்த எண்ணெய், எங்கிருந்து?

மீன் எண்ணெய் என்னும் பொதுப்பெயரில் விற்கப்படுபவை அனைத்தும் ஒன்றல்ல. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுக்கப்படுவது மீன் உடல் எண்ணெய். காட் மீனின் கல்லீரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயில் ஒமேகா-3 உடன் வைட்டமின் ஏ, டி ஆகியவையும் உள்ளன. கூடுதல் ஒமேகா-3 பெறும் நோக்கில் கல்லீரல் எண்ணெயை மிகுதியாக உட்கொண்டால் வைட்டமின் ஏ அளவு கடந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இது கருவைப் பாதிக்கக்கூடியது. அண்டார்க்டிக் கடலின் கிரில் எனப்படும் சிற்றுயிரிகளிலிருந்தும் எண்ணெய் எடுக்கப்படுகிறது.

மீன்கள் இபிஏ, டிஎச்ஏ ஆகியவற்றைப் பெருமளவில் தாமாக உருவாக்குவதில்லை. கடலின் நுண்பாசிகளே அவற்றை உருவாக்குகின்றன. உணவுச் சங்கிலி வழியாக அவை மீன்களைச் சேர்கின்றன. இதனால், நுண்பாசிகளைத் தொட்டிகளில் வளர்த்து நேரடியாக எடுக்கப்படும் எண்ணெய், சைவ உணவாளர்களுக்கு உரிய வழியாக உள்ளது. ஆளி விதை, அக்ரூட், கடுகு எண்ணெய் ஆகியவற்றிலும் ஒமேகா-3 உண்டு. ஆனால், அது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் வேறு வகை. மனித உடல் அதில் ஒரு சிறு பகுதியையே இபிஏ-வாக மாற்றுகிறது. டிஎச்ஏ-வாக மாறுவது மிகமிகக் குறைவு.

இந்தியாவில் இத்துறையில் கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி குறிப்பிடத்தக்கது. கேரளத்தில் கல்லும்மக்காய் என்று அழைக்கப்படும் பச்சைச் சிப்பியிலிருந்து மூட்டுவலிக்கான சாற்றை இந்நிறுவனம் உருவாக்கி, ‘கடல்மின்’ என்னும் பெயரில் அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கியது. சைக்ளோஆக்சிஜனேஸ், லிப்பாக்சிஜனேஸ் ஆகிய இரு நொதிகளையும் இச்சாறு தடுப்பதாக நிறுவனம் தெரிவிக்கிறது. சைவ உணவாளர்களுக்கெனக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சாறும் உருவாக்கப்பட்டுள்ளது.

மத்தி இருக்கும்போது மாத்திரை எதற்கு?

மேற்குக் கரையில் ஏழைகளின் மீன் எனப்படும் மத்தி, ஒமேகா-3 மிகுந்த மலிவான உணவு. நெய்ச்சாளை என்னும் பெயரே அதன் கொழுப்பைக் குறிக்கிறது. மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் இம்மீனில் கொழுப்பு கூடுகிறது. சென்னை மாகாண ஆட்சிக்காலத்தில் மலபார் கரையில் இதிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிற்கூடங்கள் பல இயங்கின. அன்று அந்த எண்ணெய் சோப்புக்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் சென்றது.

ஆனால், இம்மீன்வளம் நிலையானது அல்ல. 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த மத்தி வரத்து, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்ததாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. கடலின் தட்பவெப்ப மாற்றமும் மிகுதியான மீன்பிடிப்பும் இச்சரிவோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. உலகின் மீன் எண்ணெய்த் தேவை பெருகும்போது அதன் சுமை இத்தகைய சிறு மீன்கள் மீதும், அவற்றை அன்றாட உணவாகக் கொண்டோர் மீதும் விழுகிறது. நுண்பாசி எண்ணெய்க்கு இன்று கிடைக்கும் முக்கியத்துவத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் ஏதும் இல்லாத பெரியவர்கள் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் இபிஏ, டிஎச்ஏ பெற்றால் போதும் என்பது உலக சுகாதார அமைப்பும் உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து அமைத்த வல்லுநர் குழுவின் பரிந்துரை. வாரத்துக்கு இருமுறை கொழுப்பு மிகுந்த மீனைக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்பவர்களுக்கு இந்த அளவு எளிதில் கிடைத்துவிடும்.

மாத்திரை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மாத்திரை அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் ‘1,000 மில்லிகிராம்’ என்பது பொதுவாக மொத்த எண்ணெயின் அளவு. வழக்கமான மாத்திரையில் இபிஏ 180 மில்லிகிராம், டிஎச்ஏ 120 மில்லிகிராம், ஆக 300 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். முடக்குவாத ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம். அதனைப் பெற இத்தகைய மாத்திரைகள் 10 தேவைப்படும். செறிவூட்டப்பட்டவற்றில் எண்ணிக்கை குறையும். ஆகவே, பின்பக்கத்தில் தனித்தனியே அச்சிடப்பட்டுள்ள இபிஏ, டிஎச்ஏ அளவுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இக்கொழுப்பு அமிலங்கள் காற்றும் வெப்பமும் பட்டால் விரைவில் கெட்டுவிடும். மாத்திரையை வெட்டி முகர்ந்தால் கடுமையான சிக்கு வாடை வருமாயின் அதனைத் தவிர்ப்பது நல்லது. காலாவதி நாளைச் சரிபார்த்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளோர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனை இன்றிக் கூடுதல் அளவில் இவற்றை உட்கொள்ளக் கூடாது. மீன் ஒவ்வாமை உள்ளோர் மீன் எண்ணெய் குறித்தும், இறால், சிப்பி ஆகியவற்றால் ஒவ்வாமை உள்ளோர் கிரில் எண்ணெய், சிப்பிச் சாறு குறித்தும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சுருக்கமாகக் கூறுவதாயின், கடல் எண்ணெய்கள் நோய் எதிர்ப்பு செல்களின் சவ்வை மாற்றி, அவை வெளியிடும் அழற்சிச் செய்திகளைத் தணிக்கின்றன. முடக்குவாத நோயாளிகளுக்கு, போதிய அளவில், சில மாதங்கள் தொடர்ந்து, மருந்துகளோடு சேர்த்து உட்கொள்ளும்போது அது பலனளிக்கக்கூடும். காலை எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்து, அந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் வாரக்கணக்கில் நீடித்தால், முதலில் செல்ல வேண்டிய இடம் மருந்துக் கடை அன்று, மூட்டுநோய் மருத்துவரின் அறை. மீன் எண்ணெய் சேர்க்கலாமா, எவ்வளவு என்பதை அங்கேயே கேட்டறியலாம். ஏற்கெனவே உட்கொண்டு வரும் மருந்தை நிறுத்தும் முடிவும் அங்கேயே எடுக்கப்பட வேண்டும்.